ஒரே அமுக்கில் எல்லாம்

“ஒரு பட்டனை அமுக்கினா முடியற வேலையை எத்தனை மாசமா செய்வீங்கம்மா?”

கேட்டது எங்கள் ஸ்டூடியோ முதலாளியின் மாப்பிள்ளை. கேட்கப்பட்டவர் கம்ப்யூட்டர் அக்கா. பக்கத்து மேஜையில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கண்ணில் பட்ட எல்லோருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

விஷயம் இதுதான். முதலாளி ஒரு காலத்தில் ஆசைப்பட்டு ஒரு கேமரா வாங்கினார். அதில் எடுத்த படங்கள் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும். கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. சாஃப்ட்வேர் மிச்சமிருப்பது அக்கா மேஜையில் உள்ள கிழட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும். அதுவும் இன்றைக்கோ நாளைக்கோ என்று முனகிக்கொண்டிருக்கிறது. அது மண்டையைப் போடுவதற்குள் பழைய கல்யாணப் படங்களையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற ஜேபெக்காக மாற்றியாக வேண்டும். மாற மாற, கடை வாசலில் இருக்கும் பெரிய டிவியில் படங்கள் தானாக ஓடும். அதைப் பார்த்துப் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள் என்பது முதலாளியின் கனவு.

மொத்த ஃபோல்டரையும் கொடுத்து பட்டனை அமுக்கினால் வரிசையாக மாறிவிடும். அக்கா அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு படமாகத் திறப்பார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார், பிறகுதான் மாற்றுவார்.

உள்ளே என்ன படம் என்று வெளியிலிருந்து தெரிவதில்லை, எல்லாம் வெள்ளைத் தாளாகத்தான் தெரிகிறது, அதனால் திறந்து பார்க்கிறேன் என்று அக்கா இழுத்தார்.

“கல்யாணத்துக்கு வந்தவங்க பார்த்தது போதாதா? நீங்க வேற பார்க்கணுமா?”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அக்கா மேல் சந்தேகம்தான். இந்த வேலை முடிந்தால் கிழட்டுக் கம்ப்யூட்டரோடு அக்காவையும் மூட்டை கட்டிவிடுவார்கள். வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் வேறு. பாவம், இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை அவ்வளவு கறார். கடைக்கு வந்ததுமே டீயோடு கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்தியவர். ஓசியில் தின்று பழகினால் உடம்பு வணங்காதாம். “நான் ஹாஸ்டல்ல இருந்து படிச்சவன். பட்டினி கிடந்தாலும் கிடந்தேனே தவிர, அடுத்தவங்க வீட்டுல ஒரு வாய் ஓசியில சாப்பிட்டதில்ல” என்பார். இந்த ஒரு பேச்சில் மயங்கித்தான் முதலாளி பெண்ணையே கொடுத்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பூரித்துப்போவார்.

“மாமா, கொஞ்சம் வாங்க. இவங்களை இன்னையோட அனுப்பிடலாம்” என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார் மாப்பிள்ளை. முதலாளி போனில் இருந்தார். வருகிறேன் என்று கையைக் காட்டினார்.

அதற்குள் மாப்பிள்ளை அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ‘வேண்டாம்’ என்று பேர் போட்ட ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. ஒதுக்கி வைத்த படங்கள் அதில் குவிந்து கிடந்தன.

“தம்பி, அதை மட்டும் விட்டுடுங்க” என்றார் அக்கா.

விடச் சொன்னால் விடுகிற ஆளா? மொத்த ஃபோல்டரையும் கொடுத்து பட்டனை அமுக்கினார்.

அக்கா பாய்ந்துபோய் டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டார். அக்கா அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

கம்ப்யூட்டர் திரையில் முதல் படம். ஏதோ ஒரு கல்யாண விருந்து. ஓரத்தில், மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஒல்லிப் பையன் தட்டை மலையாகக் குவித்துவைத்துச் சாப்பிடுகிறான்.

இரண்டாவது படம் வேறு கல்யாணம். அதே சட்டை, அதே மாதிரித் தட்டு.

அடுத்ததில் அந்தப் பையன் மணமகன் வீட்டாரின் குடும்பப் படத்தில் நின்று, மணமகன் தோளில் கை போட்டிருக்கிறான். அதற்கடுத்து இன்னொரு கல்யாணத்தில் பெண் வீட்டார் படம். மணப்பெண்ணின் அத்தைக்குப் பக்கத்தில், பெற்ற பிள்ளை மாதிரி பல்லெல்லாம் தெரிய நிற்கிறது மஞ்சள் சட்டை.

அந்த ஒட்டிய கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, ஒரு மீசையும் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆல்பத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன மாப்ள, கூப்பிட்டீங்களே?” முதலாளி வந்து நின்றார்.

அக்கா சட்டென்று திரையை அணைத்தார். “கொஞ்சம் படம் கெட்டுப்போய்க் கிடக்கு சார். அதைத்தான் தம்பி பார்த்துட்டிருந்தார்.”

“யாரையோ அனுப்பிடலாம்னீங்களே?”

“டிவியை மாமா. ரிப்பேருக்கு” என்றார் மாப்பிள்ளை. “அக்கா ஒவ்வொண்ணா பார்த்துச் செய்யறதுதான் சரி. அவசரமே இல்ல.”

அதுவரை ‘ஏம்மா, வாம்மா’தான். அன்றைக்குத்தான் அக்கா ஆனார்.

முதலாளி உள்ளே போனதும் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். “ஏன்க்கா இதையெல்லாம் அழிக்காம வெச்சிருக்கீங்க?”

“அந்தக் கல்யாணங்கள்ல படம் எடுத்தது நான்தான் தம்பி. உங்களை அப்பவே தெரியும். பசிச்ச பிள்ளை, நிம்மதியா சாப்பிடட்டும்னு முடிஞ்ச வரைக்கும் கேமராவை வேற பக்கம் திருப்பிக்குவேன். இதெல்லாம் தப்பி வந்து விழுந்தது. எல்லாத்துலயும் சிரிச்ச முகமா இருக்கீங்க. அழிக்க மனசு வரல.”

மறுநாள் டீயோடு பிஸ்கட் வந்தது. தட்டை ஏந்தி வந்தவர் மாப்பிள்ளை.

அக்கா இரண்டை எடுத்துக்கொண்டு தட்டை அவர் பக்கமே திருப்பினார்.

“நீங்களும் சாப்பிடுங்க தம்பி. இங்க யாரும் படம் எடுக்கல.”