சீல் பிரிக்காத கேமரா

“அண்ணே, வியாபாரத்துக்காகச் சொல்லலை. உங்ககிட்ட இருக்கறது யானை. அதை வூட்ல கட்டிப் போட்டுட்டு எதுக்கு இந்த ஆட்டுக்குட்டி?”

மதகடிப்பட்டில் கேமராக் கடை வைத்திருக்கும் பாக்யராஜுக்கு மனசு ஆறவில்லை. கண்ணாடி மேஜைமேல் இருந்தது கடையிலேயே விலை குறைந்த கேமரா. புதுசாகப் படம் பிடிக்கப் பழகுகிற காலேஜ் பிள்ளைகள் வாங்குவது. எதிரே நிற்கிற ஜெயசீலனோ, பாகூர் ஏரியில் மீன்கொத்தி மீனைக் கவ்வுகிற நொடியைப் பிடித்தவன். உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இதே கடையில் பெரிய கேமராவும் லென்சும் வாங்கியவன்.

“இதுவே போதும்பா” என்றான் ஜெயசீலன்.

“பாப்பா பொறந்த நாளுக்குத்தானே? ஒண்ணு சொல்றன் கேளுங்க. அந்தப் பெரிய கேமராவுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. பின்னாடி இருக்கறதெல்லாம் கரைஞ்சு போயி பாப்பா மூஞ்சி மட்டும் நிக்கும். செலவும் பாதிதான்.”

ஜெயசீலனுக்கு இது தெரியாதா? அந்த லென்சைப் பற்றி பாக்யராஜுக்கே அவன் பாடம் எடுப்பான். ஆசையாக அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“அந்தக் கேமராவுல கொழந்தைய எடுக்கக் கூடாதுன்னு செல்வி சொல்லிட்டா.”

“அண்ணியா? ஏன், கண்ணு பட்டுடுமா?”

“அப்படியே வச்சுக்கோ.”

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண், ஏஞ்சல் மேரி. இன்றோடு ஒரு வயது. ஆஸ்பத்திரியில் அவளை முதன்முதலாகப் பார்த்தபோதே ஜெயசீலன் பெரிய கேமராவைப் பையிலிருந்து எடுத்தான். தையல் போட்ட வயிற்றோடு ஆரோக்கிய செல்வி எழுந்து உட்கார்ந்து, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். “அத எம் பொண்ணு பக்கம் திருப்பாத” என்றாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே அவன் விரல் அழுத்த மறுத்திருந்தது. அன்றிலிருந்து செல்போனில் எடுத்ததுதான். பெற்ற மகளை ஒழுங்காக ஒரு படம் எடுக்கவில்லையே என்ற ஏக்கம் ஒரு வருஷமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது.

“சரி, அப்போ இதப் பாருங்க.” பாக்யராஜ் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தான். “செகண்ட் ஹேண்டுதான். அதே விலைக்கு ரெண்டு மடங்கு கேமரா. கீறல்கூட இல்ல.”

ஜெயசீலன் கை நீட்டவில்லை. “யார் யாரையெல்லாம் எடுத்துதோ. புதுசே குடு. சீல் பிரிக்காதது.”

இனி பேசிப் பிரயோஜனமில்லை என்று பாக்யராஜ் புதுப் பெட்டியைப் பிரித்தான். பேட்டரி போட்டு, லென்சை மாட்டி, கண்ணில் வைத்துக்கொண்டான்.

“டெஸ்ட்டுக்கு உங்களையே ஒண்ணு எடுத்துடறன். கொஞ்சம் சிரிங்க.”

ஜெயசீலன் எட்டி, லென்சை உள்ளங்கையால் பொத்தினான். “வேணாம்பா. மொதப் படம் பாப்பாதான். சத்தியம் வாங்கிக்கினு அனுப்பியிருக்கா.”

“டெஸ்ட் பண்ணாம எடுத்துக்கினு போனா நான் பொறுப்பில்ல.”

“நீ பொறுப்பில்ல. பில்லப் போடு.”

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கும்போது போன் அடித்தது. நம்பரைப் பார்த்தான், எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

“சொல்லுங்க சார்... இன்னிக்கு வேணாம் சார், பொண்ணுக்குப் பொறந்த நாள்... வேற ஆளு யாரும் வரலையா?... கேமரா பாகூர்ல வூட்ல இருக்குது. போயிட்டு வர ரொம்ப நேரம் ஆவும் சார்.” எதிர்முனையில் நீளமாகப் பேசினார்கள். ஜெயசீலன் முகம் சுண்டிப்போயிற்று. “அப்பா அம்மா ரெண்டு பேரும் வெயில்லயா நிக்கறாங்க?... சரி சார். புதுசு ஒண்ணு கையில இருக்குது. வர்றன்.”

“கல்யாண ஆர்டரா? வாங்கின கையோட வருமானம்” என்றான் பாக்யராஜ்.

“ஏம்பலம் வரைக்கும் போவணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயசீலன் வண்டியை எடுத்தான்.

அவன் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேக்கும் மெழுகுவத்தியும் தயாராக இருந்தன. குழந்தைக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தார்கள்.

“இன்னா, தலையெல்லாம் ஈரம்?” என்றாள் செல்வி.

“வெயில் தாங்கலை. வழியில ஒரு மோட்டார் கொட்டாயில குளிச்சேன்.”

அவள் பையிலிருந்து கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல இன்னும் யாரையும் எடுக்கலதானே?”

“யாரையும் எடுக்கல” என்றான் ஜெயசீலன்.

செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வருஷமாகப் புருஷனின் பெரிய கேமராவுக்கு மறைத்து மறைத்து வைத்த பிள்ளையை அவளே தூக்கி மடியில் உட்காரவைத்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். “பாப்பா, அங்க பாரு, அப்பாவப் பாரு.” குழந்தை இரண்டு பல் தெரியச் சிரித்தது. ஜெயசீலன் அழுத்தினான்.

திரையில் மகளின் முகமும், ஓரத்தில், கார்டு மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற படக் கணக்கில், பதினைந்து என்ற எண்ணும் வந்தன. முந்தைய பதினாலு படங்களை மத்தியானமே கார்டோடு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டிருந்தான். மூன்று வருஷமாகப் பிணம் விழும்போதெல்லாம் போலீஸ் அவனைப் பெரிய கேமராவோடு கூப்பிடுகிறது. இன்றைக்கும் கூப்பிட்டிருந்தது, ஏம்பலத்தில் கிணற்றிலிருந்து எடுத்துக் கிடத்திய பெண்ணின் உடலைப் படம் பிடிக்காமல் பெற்றவர்களிடம் தர முடியாதென்று.