இடம் கொடுக்காதவள்

"எந்திரிம்மா! கண்ணென்ன அவிஞ்சா போச்சு?"

கண்டக்டர் ஸ்டெஃபா போட்ட சத்தத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் அந்த டிராலிபஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஜன்னலோர சீட்டில் ஓர் இளம்பெண். அவள் எதிரே, கம்பியை இறுகப் பிடித்தபடி ராணுவச் சட்டையில் ஒருவன். இடது கால் செயற்கைக் கால். உக்ரைனின் டெர்னோபில் நகரத்துக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை.

அவள் எழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நமக்காகக் காலையே குடுத்துட்டு வந்து நிக்கிறான். மகாராணி சொகுசா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாங்க!"

"வெட்கங்கெட்ட ஜென்மம்" என்றார் உருளைக்கிழங்கு மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர். "இறக்கி விடும்மா அவளை!"

"தம்பி, நீ வந்து என் சீட்ல உட்காருப்பா" என்றாள் ஸ்டெஃபா.

"வேணாம்க்கா." அவன் கம்பியை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலே மின்கம்பியில் 'படார்' என்று தீப்பொறி பறந்தது. அவன் உடம்பு விறைத்தது. பார்வை எங்கோ போய்விட்டது.

"ஓரெஸ்ட், என்னைப் பாருங்க" என்றாள் அவள், மெதுவாக. "கம்பியில தீப்பொறி, அவ்வளவுதான். ரெண்டு காலையும் தரையில அழுத்துங்க. மூச்சை நிதானமா விடுங்க."

விட்டான். மறுபடியும் விட்டான். விரல்கள் தளர்ந்தன.

"இறங்கிடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம். இன்னும் ஒரு ஸ்டாப்தானே."

ஸ்டெஃபாவின் குரல் தணிந்தது. "யாரும்மா நீ?"

அவன்தான் பதில் சொன்னான்.

"என்னோட பிசியோதெரபிஸ்ட், அக்கா. நான் போர்முனையிலேருந்து வந்து பதினாலு மாசமாச்சு. சத்தம்னா பயம், கூட்டம்னா பயம். வீட்டு வாசலைத் தாண்டல. நாலு ஸ்டாப் கூட்டத்துல நின்னுக்கிட்டே வரணும்; அதுதான் இன்னிக்குப் பயிற்சி. இவங்க எழுந்து இடம் விட்டிருந்தா நான் பயந்து உட்கார்ந்திருப்பேன்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று பெரியவர் அவள்மேல் பாய்ந்தார்.

"அவரோட பயத்தை நான் எப்படிங்க ஊருக்குச் சொல்றது?"

ஸ்டாப் வந்தது. அவன் தானாகவே படியிறங்கினான். அவள் பின்னால் போனாள்.

ஸ்டெஃபா வாசலுக்கு ஓடினாள்.

"டாக்டரம்மா, உங்க ஆஸ்பத்திரி எங்க இருக்கு? என் மகனும் போர்லேருந்துதான் வந்திருக்கான். பாவம்னு சொல்லிச் சொல்லி, ஒரு வருஷமா அவனைக் கட்டிலை விட்டு இறங்க விடாம வெச்சிருக்கிறவ நான்தான்!"