கைப்பிடி

"உங்கப்பா என்ன பெரிய மகாராஜாவா? கதவைக்கூட நான்தான் திறந்துவிடணுமா?" என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள் புது மருமகள்.

"இத்தனை வருஷம் வெளிநாட்டுல பெரிய உத்தியோகம். அங்கே கதவைத் திறந்துவிடவே தனியா ஆள் இருந்தாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்று அவன் நழுவினான்.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பியவள், காற்றில் சாத்திக்கொண்டுவிட்ட மாமனாரின் அறைக்கதவைத் திறந்தாள். காலித் தண்ணீர்ச் சொம்புடன் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார் அவர். உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"என்ன மாமா இது! கைப்பிடி உங்க பக்கமும் இருக்கே, திருப்பினா திறந்துக்குமே?"

அப்போதுதான் பார்ப்பவர்போல அதை மெல்லத் தடவினார்.

"மறந்தே போச்சும்மா. ஜெயில்ல கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது... அவன் உன்கிட்ட சொல்லலையா?"