க்ளாராவை வென்ற கை

ஏஐ சோதனை நிலையங்கள் துறைக்கு ஒன்றாகத் தனித்தனியே கிடக்காமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும் என்று அரசு பணம் ஒதுக்கியபின், நெதர்லாந்தில் நடந்த முதல் கூட்டம் அது. எல்லார் சட்டையிலும் வெறும் பெயர்ச்சீட்டு. பதவியும் இல்லை, துறையும் இல்லை.

காபி இடைவேளையில் மருத்துவத் துறை ஃபெம்கா புலம்பிக்கொண்டிருந்தாள். "எங்க ரோபோ கை ஊசியோட கிட்டப் போனாலே ஆளுங்க அசைஞ்சிடறாங்க. குறி தப்பிடுது. இந்த மாசத்தோட திட்டத்தையே மூடிடுவாங்க போலிருக்கு."

"இவ்ளோதானா?" என்றார் எதிரே நின்ற வீகர். "எங்க க்ளாரா எட்டியே உதைப்பா. அவ அசைஞ்சா கையும் கூடவே அசையும். குறி தப்பவே தப்பாது."

"மயக்க மருந்து குடுத்தா?"

"சேச்சே! அவங்களாவே வரிசையில வந்து நிப்பாங்க. தினமும் ரெண்டு மூணு தடவை!"

ஃபெம்காவுக்குத் தலைகால் புரியவில்லை. காபியை அப்படியே வைத்தாள். "வாங்க, இப்பவே கிளம்பலாம். நான் பாக்கணும்!"

காரிலிருந்து இறங்கியதும் வீகர் ரப்பர் பூட்ஸை நீட்டினார். சுத்தம் பார்க்கிற ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று நினைத்தபடி மாட்டிக்கொண்டாள். கதவு திறந்தது.

க்ளாரா வாலைச் சுழற்றி, "ம்மா" என்றது.

ஃபெம்கா வீகரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பால் கறக்கும் ரோபோ கை மடியை நெருங்க, க்ளாரா விட்டது ஓர் உதை. கை லாவகமாக விலகி, கூடவே போய், பூப்போலப் பற்றியது.

ஃபெம்கா துள்ளிக் குதித்து, கூட வேலை பார்க்கும் தோழிக்குப் போன் போட்டாள்.

"மார்லீன், ரத்தம் எடுக்கறதுக்குக் கை கிடைச்சாச்சுடி! எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேக்காதே!"