நல்ல முன்னேற்றம்

"இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாய். யோசிச்சுப் பாருங்க. அவசரமே இல்ல."

வாஹித் பாஷா நெற்றியைச் சுருக்கினார். "தோலு... கதவு... அப்புறம்..." சட்டென்று முகம் மலர்ந்தது. "மழை!"

மேகலாவுக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. மூன்று வார்த்தைகளைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும் இதே சோதனையில் போன வருஷம் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் திரும்பி வரவில்லையாம்.

தலையில் பலத்த அடிபட்டுப் பிழைத்தவர்கள் பல வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆராய்ச்சி அது. மேகலா அதில் புதிதாகச் சேர்ந்தவள். வேலூரிலிருந்து பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்திருந்தாள்.

வாஹித் பாஷா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஹைவேயில் பைக் விபத்து. உயிர் தப்பியது. ஆனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது. விபத்து நடந்த நாளோ சுத்தமாகத் துடைத்துப் போட்டதுபோல ஆகிவிட்டது.

"மழை..." என்றார் மறுபடியும். கண்கள் எங்கேயோ போயின. "அம்பரீன் கிளம்பறப்போ மழை..."

"போதும்!"

மூலையில் உட்கார்ந்து கம்பெனிக்காக ஷூவின் மேல்தோலான அப்பரைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நசீமுன்னிசா ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வாய மூடிக்கினு சும்மா இருங்க."

"அம்பரீன் எங்க? என் பொண்ண கூப்புடு."

"அவதான் வீட்ட விட்டுப் போய்ட்டாளே. நான்தான் துரத்தி வுட்டேன். எத்தினி தபா சொல்றது?"

அவர் முகம் சிவந்தது. "பெத்த பொண்ண துரத்துனியா? நீயெல்லாம் ஒரு தாயா? என் கண்ணு முன்னாடி நிக்காத!"

டீ டம்ளர் பறந்து வந்து அவள் தோளில் பட்டுக் கீழே உருண்டது. நசீமுன்னிசா முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குனிந்து டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இவளுக்கு இது நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் மேகலா.

வாசலுக்கு வந்ததும் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நல்ல முன்னேற்றம் தெரியுது. இத்தனை வருஷம் கழிச்சும் மூளை தேறுமான்னுதான் நாங்க பார்க்கிறோம். பழைய போட்டோ எல்லாம் எடுத்துக் காட்டுங்க. விபத்து நடந்த அன்னிக்கு என்னன்னு பேசிப் பேசிப் பழக்குங்க."

"வேணாம் மேடம். அடுத்த வருஷம் நீங்களும் வராதீங்க."

"பொண்ணு நம்பராவது குடுங்க. நான் பேசறேன். அப்பாவை ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"அவ வரமாட்டா."

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, சாதுவாக. "நசீமா, டீ இன்னும் வரலியே?"

"இதோ எடுத்தாறேன்."

மேகலாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அவர் குணமாகறதே உங்களுக்குப் பிடிக்கலையாக்கா? இப்படியே கிடக்கட்டும்னு விட்டுட்டீங்களா?"

நசீமுன்னிசா உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரிலேந்து வந்த புதுசுல நடந்தத நடந்தபடி சொன்னோம். செவுத்துல மண்டைய மோதிக்கினு அழுதாரு. மறுநாள் மறந்துட்டு மறுபடியும், 'அம்பரீன் எங்க?'ன்னாரு. மறுபடியும் சொன்னோம். மறுபடியும் மோதிக்கினாரு. தெனம் அவரு புதுசா கேக்கணும், தெனம் நான் புதுசா சொல்லணும். என்னால முடியல மேடம். அப்புறம்தான் நான் துரத்திட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். இப்ப ஞாபகம் திரும்புதுன்னு நீங்க சந்தோஷமா சொல்றீங்க..."

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டாள்.

"என்னக்கா நடந்தது?" மேகலாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அன்னிக்கு வண்டிய ஓட்டுனது அவரு. பின்னாடி உக்காந்துக்கினு போனது அம்பரீன். என் பொண்ணு அந்த ரோட்டுலியே முடிஞ்சிட்டா. அவரு சாவுற வரைக்கும் என்னையே திட்டிக்கினு இருக்கட்டும் மேடம்."