எதிர்க்கடைக் கரண்டி

"யோவ், இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

எதிர்க்கடைக்காரர் கையில் கரண்டியோடு வந்து நின்றார். அவரும் சூப் கடைதான் வைத்திருக்கிறார்.

சந்தையைச் சுற்றிக்காட்டி, கடைக்குக் கடை ருசி பார்க்க வைக்கும் டூர் அது. ஏழெட்டுப் பேர் காகிதக் கப்பும் கையுமாகக் காத்திருந்தார்கள். சூப் கடைக்காரர் அப்போதுதான் அண்டாவைத் திறந்திருந்தார். இன்னும் ஒருத்தருக்கும் ஊற்றவில்லை.

எதிர்க்கடைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் அண்டாவுக்குள் கரண்டியை விட்டார். ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து உப்பை அள்ளிப் போட்டார். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கலக்கினார்.

"இதுக்கு ஒரு கூட்டம் வேற!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சூப் கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் கப்பில் ஊற்ற ஆரம்பித்தார்.

கூட்டத்திலிருந்த தலைமையாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது. குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்ன அநியாயம் இது! ஒருத்தர்கூடத் தட்டிக் கேக்க மாட்டீங்களா?"

"தினமும் நடக்கறதுதான் மேடம்," என்றாள் டூர் அழைத்து வந்த பெண். "அவருக்கு வாய் ஜாஸ்தி. நாங்க கண்டுக்கறதில்ல."

"நீங்க கண்டுக்காம இருக்கறதாலதான் அந்தாளு இந்த ஆட்டம் ஆடறான்!"

கணவர் ஒரு கப்பை நீட்டினார். "முதல்ல இதைக் குடி. அமிர்தமா இருக்கு."

குடித்தார். அன்று ருசி பார்த்ததிலேயே இதுதான் முதல் இடம். அதில் கோபம் இன்னும் ஏறியது.

"அவன் உப்பை அள்ளிக் கொட்டியே இவ்வளவு நல்லா இருக்குன்னா, கொட்டாம இருந்தா எப்படி இருந்திருக்கும்!"

"நமக்கெதுக்கு வம்பு? சுத்திப் பார்க்க வந்த இடத்துல..."

"நீங்க வாயை மூடிக்கிட்டு சூப் குடிங்க."

விறுவிறுவென்று சந்தை அலுவலகத்துக்கு நடந்தார். அதிகாரி புகார்த் தாளை எடுத்து நீட்டினார்.

"அந்த ஆள் மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு மேடம். இதோட மூணு. கடையைக் காலி பண்ணச் சொல்லிடலாம்."

"தாராளமா சொல்லுங்க. அப்பதான் புத்தி வரும்."

ஒரு வரி விடாமல் எழுதினார். கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் சூப் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் வெளியில வாங்க!"

தாளோடு வாசலுக்கு வந்தார் தலைமையாசிரியை.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"பயப்படாதீங்க. உங்களை மாதிரி வாயில்லாப் பூச்சிகளுக்காகத்தான் எழுதறேன். அந்த ரவுடியை நான் பார்த்துக்கறேன்."

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் காய்ச்சல்ல விழுந்தேம்மா. அதுலேருந்து என் நாக்குக்கு உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல. விஷயம் வெளியில வந்தா ஒரு டூரும் என் கடைப் பக்கம் வராது. அப்புறம் நான் பிழைக்க முடியாது."

"அதுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?"

"தினமும் வந்து அன்பா ருசி பார்த்துச் சொன்னா ஊருக்கே சந்தேகம் வரும், சண்டைக்காரன் மாதிரி வந்தா ஒருத்தனுக்கும் வராதுன்னு சொல்லி, அந்த ரவுடிப் பட்டத்தை அவனேதாம்மா வாங்கிக்கிட்டான்!"