படத்தில் ஓர் இடம்

கேமரா இன்றைக்கும் சகலையைத்தான் பார்த்தது. மின்கம்பத்தின் உச்சியில் தொத்திக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

நிலநடுக்கம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் இரண்டு நாளும் இடிபாடுகளுக்குள் புகுந்து ஏழு பேரை உயிரோடு வெளியே இழுத்தவன் அவன். பள்ளி மைதானத்தில் போட்ட கூடாரங்களுக்கெல்லாம் ஒயர் இழுத்து விளக்கு எரிய வைத்தவனும் அவன்தான்.

சகலை, அதாவது அவன் மனைவியின் அக்கா புருஷன், ஐந்தாம் நாள்தான் எட்டிப் பார்த்தான். இஸ்திரி கலையாத சட்டையும் சொந்த வேனுமாக வந்து, நிவாரணப் பொருள்கள் இருந்த வகுப்பறையின் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தொண்டர்களின் வேலையைப் படம் எடுக்க வந்த பெண்ணுக்கு அதன்பிறகு வேறு யாருமே கண்ணில் படவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்த மனைவி ஆரம்பித்தாள்.

"அத்தானை மட்டும் பன்னிரண்டு படம் எடுத்திருக்காங்களாம். அக்கா கூடாரம் கூடாரமாப் போய்ச் சொல்லிட்டு வர்றா."

"நல்லது."

"என்ன நல்லது? நீங்களும் ஒரு வாரமா கம்பத்துல ஏறி ஏறி இறங்குறீங்க. உங்களை ஒண்ணாவது எடுத்தாங்களா?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அத்தான் வீடு கட்டினார், அத்தான் வண்டி வாங்கினார், இப்போது அத்தான் படத்திலும் வந்துவிட்டார்.

கம்பத்தின் மேலிருந்தே அவன் அந்தப் பெண்ணைக் கவனித்தான். கம்பளிக்கு நின்ற நீண்ட வரிசையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சகலை வகுப்பறையிலிருந்து கட்டுக்கட்டாகத் தூக்கி வந்து வேனில் ஏற்றும்போது மட்டும், மரத்தடியில் நின்று சத்தம் காட்டாமல் எடுத்தாள். கொஞ்சம் சிரிங்க என்றுகூடச் சொல்லவில்லை. துரைக்கு எப்படி நின்றாலும் படம் நன்றாக விழும் போலிருக்கிறது என்று பொருமினான்.

மறுநாள் அவன் கம்பத்தில் ஏறவில்லை. முகம் கழுவி, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே வேனுக்குப் போனான்.

"நானும் தூக்குறேன் சகலை."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்? நீங்க லைட்டைப் பாருங்க."

"அதெல்லாம் எரியுது. கட்டை இப்படிக் கொடுங்க."

சகலையின் முகம் சுருங்கிப்போனது. படத்தில் ஓர் ஓரம் கொடுக்கக்கூட மனசு வரவில்லை பார் என்று கறுவிக்கொண்டே, அவன் கம்பளிக் கட்டைப் பிடுங்கித் தோளில் ஏற்றினான். கேமரா இருந்த பக்கமாகத் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அந்தப் பெண் முதல் தடவையாக அவனிடம் வந்தாள்.

"நீங்களும் இவர்கூடத்தானா?"

"பின்னே? ஆரம்பத்திலிருந்தே நாங்க ரெண்டு பேரும்தான்."

"தினமும் ஏத்துறீங்களா?"

"ஒரு நாள் விடுறதில்லை. நான் இல்லாட்டி இவருக்குக் கை ஓடாதும்மா."

அவள் ஒரு சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். அன்றைக்கே அவனுக்கு நாலு படம் விழுந்தது. அடுத்த இரண்டு நாளும் அவன் சகலையை ஒட்டிக்கொண்டே திரிந்தான்.

விஷயத்தைச் சொன்னபோது மனைவி அவனை ஒரு புது மாதிரியாகப் பார்த்தாள். "படம் வந்தா உடனே ஆள் அனுப்புங்க, நான் ஓடி வந்து பார்க்கணும்" என்றாள். அந்தப் பார்வைக்காக அவன் இன்னும் நூறு கட்டு தூக்கியிருப்பான்.

நான்காம் நாள் காலை பள்ளி வராந்தாவில் கூட்டம் கூடியது. படம் வந்துவிட்டது என்றார்கள். மனைவிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவன் தலையைச் சீவிக்கொண்டு முண்டியடித்து முன்னால் போனான்.

மேசைமேல் படங்கள் வரிசையாகக் கிடந்தன. மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சகலை, கையில் விலங்கோடு.

"இருநூறு கம்பளி, அறுபது கூடாரத் துணி," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கு வந்ததை வேன்ல ஏத்திக் கொண்டுபோய் வெளியே தள்ளியிருக்கான். கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் அந்தப் பொண்ணைப் படம் எடுக்கச் சொன்னோம்."

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான். மெல்லப் பின்வாங்கி ஒரு தூணின் மறைவுக்குப் போய், நன்றாக இருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு படத்தை எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "இவன் இன்னொரு கூட்டாளி. ஆரம்பத்திலிருந்தே கூட இருக்கேன்னு அவன் வாயாலேயே சொல்லியிருக்கான். யாருய்யா இவன்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் காப்பாற்றிய ஏழு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் அப்படியே போயிருந்தால் தப்பித்திருப்பான். அதற்குள் அவன் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தாள். கூட்டத்தின் கடைசியிலிருந்து அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை, உயரத்தில் இருந்த அந்தப் படம் மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் பூரித்துப்போய், கையை உயர்த்திக்கொண்டு, மைதானமே கேட்கும்படி கத்தினாள்.

"எங்க வீட்டுக்காரருங்க!"